பழைய சைக்கிள், புது மோட்டார்: ஒரு கிட் மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

சைக்கிளில் எலெக்ட்ரிக் கிட் (மோட்டார், பேட்டரி எல்லாம் அடங்கிய தொகுப்பு) மாட்டலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மோட்டாரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை வாட், என்ன வேகம், ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம். சைக்கிளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதுதான் ஏற்கெனவே வீட்டில் நிற்கிறதே! இங்கே சொல்லப்போகும் சைக்கிளில் மோட்டார் ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. பேட்டரியும் சொன்ன தூரத்தைக் கொடுத்தது. கெட்டுப்போனது அந்த மோட்டார் போய் உட்கார்ந்த இடம்.

சைக்கிளும் பாதையும்

கியர் இல்லாத பழைய நகர சைக்கிள். இரும்புச் சட்டம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரும்பு ஃபோர்க், செயினை முழுக்க மூடிய கவர், பின்னால் கேரியர், கேபிள் பிரேக். எடை சுமார் 18 கிலோ. ஓட்டுபவர் என் நண்பர், ஐம்பதைத் தாண்டியவர். வேலைக்குப் போக 11 கி.மீ., திரும்பி வர 11 கி.மீ. நடுவில் ஒரு நீண்ட ஏற்றம், சரிவு ஏறத்தாழ 5 சதவீதம். முட்டி வலி வந்த பிறகு அந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார். புது எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. இருக்கும் சைக்கிள் அவர் உடம்புக்குப் பழகியது, அதை விட மனமில்லை. கிட் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டின் அருமை புரியும். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 93 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி எடுக்காத ஒருவர் மூச்சு வாங்காமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய ஆற்றல் 100 வாட் அளவில் இருக்கும். 5 சதவீதச் சரிவில் அந்த 100 வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு 7 கி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. வேகமாக நடப்பதை விட ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான். கியரும் இல்லாத சைக்கிளில் அந்த வேகத்தில் பெடல் நகரவே நகராது. முட்டிக்கு வரும் அழுத்தம் அங்கேதான்.

கிட் சேர்ந்தால் மொத்த எடை 100 கிலோ ஆகிறது. அதே ஏற்றத்தில் 15 கி.மீ. வேகத்தில் போக, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 204 வாட், டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னும் ஒரு 60 வாட். மனிதர் தன் 100 வாட்டைக் கொடுத்தால் மீதி 160ஐ மோட்டார் பார்த்துக்கொள்ளும். 250 வாட் மோட்டார் இதற்குத் தாராளம். அதனால் கிட் விற்பவர்கள் 500, 750 என்று காட்டும்போது மயங்க வேண்டியதில்லை. இன்னொன்று, 250 என்று எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு மட்டுமே. 36 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் இழுக்க விடும் கண்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருந்தால், கிளம்பும் நொடியில் பேட்டரியிலிருந்து 540 வாட் வரை போகும். இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள், கீழே இது வேறு வேஷத்தில் வரும்.

ஏன் முன்சக்கர மோட்டார்

மோட்டார் மாட்ட மூன்று இடங்கள் உண்டு: முன்சக்கரத்தின் ஹப் (நடுக்குடம்), பின்சக்கரத்தின் ஹப், பெடல் அச்சு.

பெடல் அச்சில் மாட்டும் மிட் டிரைவ்தான் ஏற்றத்துக்கு ராஜா. மோட்டாரின் விசை செயின் வழியாகப் போவதால் சைக்கிளின் கியர் மோட்டாருக்கும் உதவும். ஆனால் இந்த சைக்கிளில் கியரே கிடையாது, அந்த லாபம் இல்லை. செயின் கவர் வேறு மோட்டாரின் உடலுக்கு வழிவிடாது. அதோடு மிட் டிரைவில் செயினும் பற்சக்கரமும் சீக்கிரம் தேயும். மனிதக் காலுக்காகச் செய்த செயினில் இரண்டு மூன்று ஆட்களின் விசை போனால் வேறு என்ன ஆகும்?

பின்சக்கர ஹப் நல்ல தேர்வாக இருந்திருக்கும். ஆளின் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தில் விழுவதால் பிடிமானம் கிடைக்கும், பின்பக்கச் சட்டமும் ஃபோர்க்கை விடத் தடிமன். தடை அகலம்தான். கிட்டில் வரும் பின்ஹப் பெரும்பாலும் 135 மி.மீ. இடைவெளிக்கு ஆனது. கியர் இல்லாத பழைய சட்டத்தின் பின் இடைவெளி 120. இரும்பை விரித்துவிடலாம், செய்கிறார்கள். ஆனால் விரித்த பிறகு இரண்டு பக்கமும் இணையாக நிற்க வேண்டும், அதற்குத் தெரிந்த கை வேண்டும். பஞ்சர் ஆனால் நட், சக்கர அச்சைச் சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம், ஒயர் என்று எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு செயினோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

ஆக மிஞ்சியது முன்சக்கரம். பழைய சக்கரத்தைக் கழற்று, மோட்டார் கோத்த சக்கரத்தைப் போடு, கண்ட்ரோலரையும் பேட்டரியையும் கேரியரில் கட்டு, பெடல் அச்சில் சென்சார் காந்த வட்டை மாட்டு. ஒரு மதியப் பொழுது வேலை. எளிது என்பதே இதன் பெரிய லாபம். எளிது என்பதாலேயே யாரும் ஃபோர்க்கைக் குனிந்து பார்ப்பதில்லை.

ஹப் மோட்டாரிலும் இரண்டு ரகம். உள்ளே பற்சக்கரம் வைத்தது எடை குறைவு, 2 முதல் 3 கிலோ சொச்சம். பேட்டரி தீர்ந்தாலும் இழுவை இல்லாமல் சுழலும். பற்சக்கரம் இல்லாத டைரக்ட் டிரைவ் அதைப்போல இரண்டு மடங்கு எடை, பேட்டரி இல்லாமல் மிதித்தால் மோட்டாரின் காந்தம் பின்னால் இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பும் என்பது அதற்கு மட்டும் பொருந்தும், திரும்புவதும் சொற்பம். நண்பர் பற்சக்கர ரகத்தையே எடுத்தார். அது சரியான முடிவு.

முதல் சில மாதங்கள்

ஏற்றம் என்பது பாதையிலிருந்து காணாமல் போனது போலத்தான். அவர் வியர்க்காமல் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். முட்டி வலி மருந்தில்லாமலே குறைந்தது என்றார். மோட்டாரை நிறுத்திவிட்டு மிதிக்கவும் செய்தார். வாரத்தில் சில நாள் மட்டும் சைக்கிள் எடுத்தவர் எல்லா நாளும் எடுக்க ஆரம்பித்தார்.

எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. கிட் சக்கரத்தின் ரிம் அலுமினியம். பழைய இரும்பு ரிம்மில் மழை நாளில் பிரேக் கட்டை வழுக்கும், அலுமினியத்தில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. முன் பிரேக் முன்னை விட நன்றாகப் பிடித்தது. பின்சக்கரம் அதே இரும்பு ரிம்தான்.

குறைகளும் உடனே தெரிந்தன. கிட்டில் வந்தது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார். மெதுவாகச் சுற்றினாலும் வேகமாக மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். கால் கொஞ்சம் சுற்றியதும் மோட்டார் விழிக்கும், காலை நிறுத்திய பிறகும் ஒரு கணம் இழுக்கும். குறுகிய திருப்பத்தில் பெடலை லேசாகத் தொட்டால் முன்சக்கரம் தானாக முன்னேறப் பார்க்கும். மிதியின் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் உள்ள கிட்டில் இந்தத் திகில் இல்லை. பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் கொண்ட பிரேக் லீவர் இதில் இருந்தது. அதை மாட்டாமல் பழைய லீவரையே வைத்துக்கொள்பவர்களும் உண்டு, அதைச் செய்யவே கூடாது.

மணல் சிதறிய இடத்தில் ஏறும்போது முன்சக்கரம் வெட்டியாகச் சுற்றியது. ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது, கேரியரில் பேட்டரியும் பையும் வேறு. முன்சக்கரத்துக்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்?

அன்று நடந்தது

ஒரு சிக்னலில் நின்று கிளம்பும்போது சக்கரத்தின் நடுவிலிருந்து கடக் என்று சத்தம். மோட்டார் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. டிஸ்பிளேயில் பிழை எண். நல்லவேளை, வேகம் எடுத்திருக்கவில்லை, அவர் விழவில்லை. "மோட்டார் எரிஞ்சுபோச்சு" என்றுதான் என்னிடம் வந்து சொன்னார்.

சைக்கிளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். ஆக்ஸிலின், அதாவது சக்கர அச்சின், இடது பக்க நட் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. நட்டை எடுத்ததும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது: ஃபோர்க்கின் நுனியில் ஆக்ஸில் உட்காரும் பிளவு நேர்ச்சுவராக இல்லை. இரண்டு பக்கமும் அரைவட்டமாகக் குடைந்து, பெயிண்ட் போன இடத்தில் இரும்பு பளபளத்தது. ஆக்ஸில் ஏறத்தாழ அரைச்சுற்று சுற்றியிருந்தது. அதன் துளை வழியாக வெளியே வரும் கேபிள் முறுக்கி, மேலுறை கிழிந்து, உள்ளே இருந்த மெல்லிய ஒயர்களில் இரண்டு அறுந்து தொங்கின.

ஹப் மோட்டாரின் கேபிளில் மூன்று தடித்த ஒயர்கள் சக்தியைக் கொண்டுபோகின்றன, ஐந்து மெல்லிய ஒயர்கள் சுழலும் காந்தம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார்களுக்கு. 5 வோல்ட்டில் ஓடும் மெல்லிய ஒயர் பேட்டரி வோல்ட்டேஜ் போகும் தடித்த ஒயரைத் தொட்டிருந்தால் சென்சாரும் கண்ட்ரோலரும் சேர்ந்து போயிருக்கும். இங்கே அறுந்ததோடு நின்றது.

காரணம் எங்கே

சாதாரண சைக்கிளில் ஆக்ஸிலுக்கு ஒரே வேலை, எடையைத் தாங்குவது. பேரிங் மேல் சக்கரம் சுழலும், ஆக்ஸிலைச் சுழற்ற யாரும் முயல்வதில்லை. ஹப் மோட்டாரில் கதை வேறு. மோட்டார் சக்கரத்தை எவ்வளவு பலமாக முன்னால் சுழற்றுகிறதோ அதே பலத்தோடு ஆக்ஸிலைப் பின்னால் சுழற்றும். அதைத் தடுக்க ஆக்ஸிலின் இரண்டு பக்கத்தையும் தட்டையாகச் சீவி, 10 மி.மீ. அகலத்தில் பிளவுக்குள் உட்கார வைக்கிறார்கள்.

12 மி.மீ. ஆக்ஸிலை 10 மி.மீ.க்குச் சீவினால் தட்டைப் பரப்பின் அகலம் 6.6 மி.மீ.தான் வரும். இந்த அளவு மோட்டார் கிளம்பும்போது 40 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு தரக்கூடும். 40ஐ 0.0066 மீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 6000 நியூட்டன், அதாவது 600 கிலோவின் அழுத்தம். இரண்டு பக்கமும் நியாயமாகப் பங்கு போட்டாலும் பக்கத்துக்கு 300 கிலோ, ஒரு மெல்லிய தகட்டின் விளிம்பில். மேலே சொன்ன 540 வாட் இப்படித்தான் வேஷம் மாறி வருகிறது. நட் இறுக்கமாக இருக்கும்வரை உராய்வே பெரும் பங்கைத் தாங்கிவிடும். நட் தளர்ந்தால் அத்தனையும் பிளவின் சுவருக்கு.

சரி, நட் ஏன் தளர்ந்தது? ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று காரணங்கள் கிடைத்தன.

முதலாவது, பழைய ஃபோர்க்கின் பிளவு 9 மி.மீ. ஆக்ஸிலுக்கு ஆனது. 10 மி.மீ. உள்ளே போக மாட்டித் தந்தவர் அரம் போட்டிருக்கிறார். அது தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் கையால் ராவியதில் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போயிருந்தது. ஆக்ஸில் ஆட இடம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, ஃபோர்க்கின் வெளிப்பக்கம் சக்கரம் கழன்று விழாமல் இருக்க ஒரு சிறு விளிம்பு உண்டு. வாஷர் அந்த விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் வாஷரின் ஓரம்தான் கடிக்கும், முழுப் பரப்பு படியாது. அடியில் தடித்த பெயிண்ட் வேறு. பெயிண்ட் நசுங்க நசுங்க இறுக்கம் குறையும்.

மூன்றாவது எனக்கே சுவாரஸ்யமாக இருந்தது. இடது நட் மட்டும் ஏன்? ஆக்ஸில் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும்போது, வலது பக்கத்தில் அந்த அசைவு நட்டை இறுக்கும் திசையில் அமைகிறது, இடது பக்கத்தில் தளர்த்தும் திசையில். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரைதான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மயிரிழை அசைந்தால் போதும், இடது நட் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும்.

இவற்றைத் தடுக்க வேண்டிய டார்க் ஆர்ம் மாட்டப்படவே இல்லை. கனமான இரும்புத் தகடு அது, ஒரு முனை ஆக்ஸிலின் தட்டைப் பரப்பைக் கவ்வும், மறுமுனை ஃபோர்க் காலோடு கட்டப்படும். 6.6 மி.மீ.யில் தாங்கிய முறுக்கை 10 செ.மீ. தள்ளித் தாங்க வைப்பதால் அந்த 6000 நியூட்டன் 400 ஆகச் சுருங்கிவிடும். 250 வாட்டுக்கு இது தேவையில்லை என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். கச்சிதமான, தடித்த, நல்ல இரும்பு ஃபோர்க்கில் அது உண்மையாகவும் இருக்கலாம். இந்த ஃபோர்க் அப்படிப்பட்டது அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது இரும்பு ஃபோர்க்காக இருந்ததால் குடைந்து கொடுத்தது. அலுமினியமோ, சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் வார்ப்பு மெக்னீசியமோ இப்படி வளைந்து எச்சரிக்காது, விண்டுவிடும். கார்பன் ஃபோர்க்கில் ஹப் மோட்டார் என்ற பேச்சே எடுக்கக்கூடாது.

பேட்டரி

விபத்தில் பேட்டரிக்குப் பங்கில்லை. ஆனால் கிட்டில் மிகப் பெரிய ஆபத்து இருப்பது அங்கேதான் என்பதால் அதையும் பிரித்துப் பார்த்தோம், கணக்கில்தான், ஸ்க்ரூடிரைவரால் அல்ல.

36 வோல்ட், 10 ஆம்பியர் மணி. பெருக்கினால் 360 வாட் மணி. இப்படி மிதித்துக்கொண்டே போகிறவருக்கு கிலோமீட்டருக்கு 10 வாட் மணி என்பது நியாயமான கணக்கு. 22 கி.மீ.க்கு 220. புதிதில் தாராளமாக மிஞ்சும். ஆனால் லித்தியம் அயான் செல் சில நூறு சார்ஜ் சுற்றுகளில் கொள்ளளவை இழக்கத் தொடங்கும். 70 சதவீதத்துக்கு இறங்கினால் கையில் 250 வாட் மணி. குளிர் நாளில் அதுவும் முழுதாக வராது. பேட்டரியின் அளவை அதன் முதுமைக்குப் பார்த்து வாங்க வேண்டும். இவருக்கு வேலையிடத்தில் சார்ஜ் போட வசதி இருந்ததால் பிரச்சினை இல்லை.

36 வோல்ட் என்பது பத்து செல்கள் வரிசையாக. முழு சார்ஜில் அது 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரிக்குப் பதின்மூன்று செல்கள், அதன் சார்ஜர் 54.6 வோல்ட் தரும். இரண்டு சார்ஜரின் முனையும் ஒரே மாதிரி இருக்கக்கூடும்! வீட்டில் இரண்டு எலெக்ட்ரிக் வண்டி இருந்தால் சார்ஜரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் தடுக்கும் என்று நம்பி விளையாடக் கூடாது. மலிவான பொதியில் அந்தச் சர்க்யூட்டின் தரமே கேள்விக்குறி, செல்கள் பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கியவையாகவும் இருக்கலாம். தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். வாசலை ஒட்டி, தீப்பிடித்தால் வெளியேறும் வழியை அடைக்கும் இடத்தில் போடவே போடாதீர்கள்.

தரச் சான்று இங்கே உதவும், ஒரு எல்லைவரை. பேட்டரிக்கு யூஎல் 2271 என்ற தரநிலை இருக்கிறது. முழு எலெக்ட்ரிக் சைக்கிளின் மின் அமைப்புக்கு யூஎல் 2849, ஐரோப்பாவில் முழு சைக்கிளுக்கு ஈஎன் 15194. கம்பெனியில் செய்து வரும் எலெக்ட்ரிக் சைக்கிளில் சட்டம், பிரேக், மோட்டார், பேட்டரி எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கும். கிட் போட்ட சைக்கிளில் பேட்டரி சோதிக்கப்பட்டிருக்கலாம், சார்ஜரும் சோதிக்கப்பட்டிருக்கலாம். உங்கள் ஃபோர்க்கோடு இந்த மோட்டார் சேர்வதை மட்டும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

வேகமும் சட்டமும்

15 கி.மீ. வேகத்தில் போனவர் 25 கி.மீ.க்குப் போனால் இயக்க ஆற்றல் 2.8 மடங்கு. பிரேக் கட்டை அத்தனையையும் தின்ன வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் மிதித்தால் மட்டும் உதவும் 250 வாட், 25 கி.மீ. வரையிலான வண்டியை சைக்கிளாகவே கருதுகிறது. அமெரிக்க மத்தியச் சட்டம் 750 வாட், மணிக்கு 20 மைல் என்று தாராளம் காட்டுகிறது. பல கிட்களில் டிஸ்பிளேக்குள் நுழைந்து வேக எல்லையை நீக்கிவிட முடியும். நீக்கிய நிமிடமே அது பல இடங்களில் பதிவும் உரிமமும் கேட்கும் மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என்ன செய்தோம்

ஃபோர்க் போனது போனதுதான். பற்றவைத்துச் சரிசெய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது, முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம் என்று தள்ளிவிட்டோம். தடித்த நுனி கொண்ட இரும்பு ஃபோர்க் புதிதாகப் போட்டோம். பிளவை அளந்து அளந்து ராவி, ஆக்ஸில் ஆட்டமில்லாமல் தள்ளினால் மட்டும் நுழையும் அளவில் நிறுத்தினோம். வாஷர் படியும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, விளிம்புக்குள் அடங்கும் சி வடிவ வாஷர் வைத்து, இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம். மோட்டாரைத் திறந்து ஆக்ஸில் துளை வழியாகப் புதுக் கேபிள் கோத்ததுதான் பொறுமையைச் சோதித்த வேலை. கேபிள் ஆக்ஸிலுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறும்படி கட்டினோம், மழைத்தண்ணீர் கேபிள் வழியாக மோட்டாருக்குள் இறங்காமல் தொங்கலிலிருந்து சொட்டிவிடும்.

பின்சக்கரத்துக்கும் அலுமினிய ரிம் கோத்து, கோட்டம் எடுத்து, பிரேக் கட்டைகளை மாற்றினோம். கிட்டின் விலையோடு இதையெல்லாம் கூட்டினால் "கிட் மலிவு" என்ற வாதம் கொஞ்சம் மெலிகிறது, மறுக்கவில்லை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய நிலையில் உள்ள சைக்கிள் என்றால் கம்பெனி எலெக்ட்ரிக் சைக்கிளே நல்லது.

ஆனாலும் நான் கிட் பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம் உண்டு. கம்பெனி வண்டிகள் பலவற்றில் பேட்டரியும் மோட்டாரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு வேறு கம்பெனி பாகத்தை ஏற்காது. அந்த மாடல் நின்றுபோனால் வண்டியே நின்றுபோன மாதிரி. கிட்டில் கண்ட்ரோலர் போனால் கண்ட்ரோலர் மட்டும், சென்சார் போனால் சென்சார் மட்டும். அறுந்த கேபிளோடு வந்த இந்த மோட்டார் மறுபடி ஓடுகிறது என்றால் அது கிட் என்பதால்தான்.

நண்பர் இப்போது மாதம் ஒருமுறை ஸ்பேனரை எடுத்து இடது நட்டைச் சோதிக்கிறார். ஸ்போக்ஸையும் விரலால் சுண்டிப் பார்க்கிறார், பெரிய ஹப்பில் கம்பிகள் குட்டையாகவும் சாய்வாகவும் நிற்பதால் அவை சாதாரணச் சக்கரத்தை விடச் சீக்கிரம் தளரும். அடுத்து, மிதியின் அழுத்தத்தைப் பார்க்கும் டார்க் சென்சார் போடலாமா என்று கேட்டிருக்கிறார். இவர் கண்ட்ரோலர் அதை ஏற்காது, கண்ட்ரோலரையும் மாற்ற வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறார்.